பூல் ஹீட்டர் தானாக அணைய ஒரு டைமர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் வீட்டுப் பின்புறத்தில் பூலும், அதை ஒட்டி ஸ்பாவும் (உட்கார்ந்து குளிக்கும் சுடுநீர்த் தொட்டி) வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. மார்ச் பிறந்ததும் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கத் துடிப்பார்கள், ஹீட்டரைப் போட்டுவிடுவோம். போடுவதை யாரும் மறப்பதில்லை, அணைப்பதுதான் மறந்துபோகிறது. அந்த அணைக்கும் வேலையை ஒரு டைமரிடம் ஒப்படைப்பது எப்படி என்று நண்பர்களும் பக்கத்து வீட்டாரும் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் கேஸில் எரியும் ஹீட்டரை வைத்தே எழுதியிருக்கிறேன். மின்சார ஹீட்டருக்கும் ஹீட் பம்ப்புக்கும் தனியாக ஒரு கேள்வி உண்டு. சூடெல்லாம் ஃபாரன்ஹீட்டில்.

ஹீட்டரிலேயே தெர்மோஸ்டாட் இருக்கிறதே, டைமர் எதற்கு?

தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரின் சூடு ஒன்றுதான். நீங்கள் குளித்து முடித்து, துவட்டிக்கொண்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டது அதற்குத் தெரியாது. 102 டிகிரி என்று சொல்லி வைத்திருந்தால், தண்ணீர் ஆற ஆற அது திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டே இருக்கும். திறந்த பூலில் இருந்து வெளியேறும் சூட்டில் சுமார் 70 சதவீதம் ஆவியாகியே போகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. அதாவது ராத்திரி முழுக்க நீங்கள் கேஸ் எரித்து ஆகாயத்துக்கு ஆவி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட மோசமானது ஒன்று நடக்கும். ஸ்பாவும் பூலும் ஒரே ஹீட்டரில் சேர்ந்த வீடுகளில், ஸ்பாவுக்கென்று 102 வைத்துவிட்டு, குளித்து முடித்ததும் தண்ணீரைத் திருப்பும் வால்வை மட்டும் பூல் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஹீட்டரின் செட்டிங்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இப்போது அந்த ஹீட்டர் பூல் மொத்தத்தையும் 102-க்குக் கொண்டுபோகப் பார்க்கும். ஒரு ராத்திரிக்குள் அந்தச் சூடு வருவது கடினம், ஆகவே தெர்மோஸ்டாட் விடியும்வரை அதை நிறுத்தாமலே விட்டுவிடலாம். மாதக் கடைசியில் கேஸ் பில்லைப் பார்த்து அதிர்ந்துபோய் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த வால்வைப் பற்றித்தான்.

ராத்திரி முழுக்க ஓடினால் எவ்வளவு செலவாகும்?

ஹீட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் பி.டி.யு (சூட்டை அளக்கும் அலகு) கணக்கு இருக்கும். வீடுகளில் அதிகம் பார்ப்பது மணிக்கு 4 லட்சம் பி.டி.யு. ஒரு தெர்ம் என்பது 1 லட்சம் பி.டி.யு, ஆகவே மணிக்கு 4 தெர்ம். பத்து மணி நேரம் நிற்காமல் எரிந்தால் 40 தெர்ம். தெர்முக்கு ஒன்றரை டாலர் என்று வைத்தால் ஒரே ராத்திரியில் 60 டாலர். உங்கள் விலையைப் பில்லில் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பில்லில் சி.சி.எஃப் (நூறு கன அடி கேஸ்) என்று இருந்தால், ஒரு சி.சி.எஃப் ஏறத்தாழ ஒரு தெர்ம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

டைமரை எத்தனை நேரத்துக்கு வைப்பது?

இதற்கு ஊகம் வேண்டாம், கணக்கே இருக்கிறது. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு பி.டி.யு வேண்டும். ஒரு காலன் தண்ணீரின் எடை 8.34 பவுண்டு. 15,000 காலன் பூல் என்றால் 1,25,100 பவுண்டு, அதனால் ஒரு டிகிரி ஏற்ற 1,25,100 பி.டி.யு. 4 லட்சம் பி.டி.யு ஹீட்டர் எரிக்கும் கேஸில் 82 சதவீதம் தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறது என்றால், மணிக்கு 3,28,000 பி.டி.யு. ஆக, மணிக்கு இரண்டரை டிகிரிக்குச் சற்று மேலே ஏறும். 60 டிகிரியில் கிடக்கும் பூலை 82-க்குக் கொண்டுவர எட்டரை மணி நேரம். காற்றடித்தால், மேலே உறை போடாவிட்டால், இன்னும் கூடும்.

ஸ்பாவின் கதை வேறு. 500 காலன் ஸ்பாவை 30 டிகிரி ஏற்றுவதற்கும் அதே 1,25,100 பி.டி.யுதான் ஆகிறது. அதே ஹீட்டருக்கு அது 23 நிமிட வேலை. ஆகவே ஸ்பாவுக்கு, சூடேற அரை மணி, உட்கார ஒரு மணி என்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் டைமர் வைக்கக் காரணமே இல்லை. பூலுக்கு வேண்டிய நேரத்தையும் ஸ்பாவுக்கு வேண்டிய நேரத்தையும் ஒரே செட்டிங்கில் அடைக்க முயன்றால் இரண்டில் ஒன்று கெட்டுப்போகும். ஸ்பாவுக்கு மட்டும் என்ன செய்யலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஹீட்டருக்குப் போகும் கரண்ட்டையே டைமர் வைத்துத் துண்டித்தால் போதாதா?

நெருப்பு நிற்கும், உண்மைதான். ஆனால் வழக்கமாக அணைக்கும் வழியாக இதைச் செய்யாதீர்கள். மின்விசிறியோடு வரும் ஹீட்டர்களில் பல, பர்னர் அணைந்த பிறகும் சில நொடிகள் விசிறியை ஓட்டி, உள்ளே தங்கிய புகையை வெளியே தள்ளிவிட்டுத்தான் ஓயும். கரண்ட்டைத் துண்டித்தால் அந்த வேலை பாதியில் நிற்கும். கட்டுப்பாட்டு போர்டும் தினமும் இப்படி வெட்டுப்படுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதற்குச் சுகமாக நிற்கச் சொல்லும் வழி ஒன்றை ஹீட்டர் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துவோம்.

பம்ப் நின்றால் ஹீட்டரும் நின்றுவிடுமே? பம்ப் டைமரே போதும் என்கிறாரே பூல்காரர்?

நின்றுவிடும். ஹீட்டருக்குள் பிரஷர் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது, தண்ணீரின் ஓட்டம் குறைந்தால் அது நெருப்பை நிறுத்தும். அதற்கும் மேலே, சூடு எல்லை மீறினால் துண்டிக்கும் ஹை லிமிட் ஸ்விட்ச்சும் உண்டு. இவை இரண்டும் ஆபத்துக் காலத்துக்கு வைத்தவை. தினமும் ஹீட்டரை அணைக்கிற ஸ்விட்ச்சாக இவற்றைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாள்தோறும் அந்த வேலையைச் செய்து தேய்ந்துபோய், நிஜமாகவே தேவைப்படும் நாளில் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அடுத்தது இன்னும் முக்கியம். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுட்டுக்கொண்டே இருப்பது போல, நெருப்பு நின்ற பின்னும் ஹீட்டருக்குள் இருக்கும் செப்புக் குழாய்களும் அவற்றைச் சுற்றியுள்ள உலோகமும் சூட்டை வைத்திருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு பூலுக்குப் போய்விடும். பம்ப் அதே நொடியில் நின்றால், உள்ளே தேங்கிய கொஞ்சம் தண்ணீர் அந்தச் சூட்டை முழுக்க வாங்கிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீரில் இருந்து சுண்ணாம்பு பிரிந்து குழாயின் உட்புறத்தில் படியும். டெக்சாஸில் பல ஊர்களில் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது, படிவு சீக்கிரம் ஏறும். படிவு ஏறிய குழாய் தண்ணீருக்குச் சூட்டைச் சரியாகக் கொடுக்காது, தானே காயும், கடைசியில் ஓட்டை விழும். ஹீட்டரை ஒட்டிய பி.வி.சி குழாயும் தப்பாது. வெள்ளை பி.வி.சி தாங்கும் உச்சம் 140 டிகிரி. அதற்கு மேல் போனால் நெகிழும், இணைப்புகள் கசியும்.

அப்படியானால் சரியான வரிசை என்ன?

முதலில் நெருப்பு நிற்க வேண்டும். அதன்பின் சில நிமிடங்கள் தண்ணீர் ஓட வேண்டும். அதற்குப் பிறகே பம்ப் நிற்க வேண்டும். ஹீட்டர் டைமர் பற்றிய எல்லாக் கேள்விக்கும் பதில் இந்த வரிசையில் இருந்துதான் கிளம்புகிறது. எந்தக் கருவியை வாங்கினாலும், அது இந்த வரிசையைக் காப்பாற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபயர்மேன் ஸ்விட்ச் என்கிறார்களே, அது இதற்குத்தானா?

இதற்கேதான். பம்ப் டைமரின் கடிகாரத்தோடு சேர்த்துப் பொருத்தும் சின்ன ஸ்விட்ச் அது. பம்ப் நிற்கும் நேரத்துக்குச் சுமார் 20 நிமிடம் முன்னாலேயே திறந்துகொண்டு ஹீட்டரை நிறுத்திவிடும். பிறகு பம்ப் ஓடி ஹீட்டரை ஆற்றிவிட்டு, தன் நேரம் வந்ததும் தானும் நிற்கும். இன்டர்மேட்டிக் டி104 என்ற சாம்பல் நிறப் பெட்டி டைமர் அமெரிக்க வீடுகளில் ஏராளமாக இருக்கிறது, அதற்கு இந்த ஸ்விட்ச் தனியாகவே கிடைக்கும். டைமரை மாற்றவே வேண்டியதில்லை. சில பெட்டிகளில் கம்பெனியிலேயே பொருத்தி வந்திருக்கும், ஆனால் ஒயர் எதிலும் இணைக்காமல் சும்மா தொங்கும். உங்கள் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். ஒருவேளை வாங்கவே வேண்டியிருக்காது.

விலை குறைவு, வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம். ஒரே வேகத்தில் ஓடும் பழைய பம்ப் வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பரிந்துரை இது.

அந்த ஸ்விட்ச்சை ஹீட்டரில் எங்கே இணைக்க வேண்டும்?

இங்கேதான் கவனம் தேவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள ஹீட்டரில் பாதுகாப்பு ஸ்விட்ச்சுகள் எல்லாம் 24 வோல்ட்டில், ஒன்றன் பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். பிரஷர் ஸ்விட்ச், ஹை லிமிட் எல்லாமே அந்த வரிசையில்தான். எது ஒன்று திறந்தாலும் நெருப்பு நிற்கும். அந்த வரிசையிலேயே வெளியிலிருந்து ஒரு ஸ்விட்ச் சேர்த்துக்கொள்ள இரண்டு முனைகளை விட்டு, அவற்றை ஒரு சின்ன ஜம்பர் ஒயரால் மூடி வைத்திருப்பார்கள். மேனுவலில் ஃபயர்மேன் ஸ்விட்ச் என்றோ எக்ஸ்டர்னல் இன்டர்லாக் என்றோ போட்டிருக்கும். அந்த ஜம்பரை எடுத்துவிட்டு, டைமரில் இருந்து வரும் இரண்டு ஒயர்களை அங்கே இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த முனைகளுக்கு வெளியிலிருந்து கரண்ட் எதையும் கொடுக்கக் கூடாது. ஸ்விட்ச் வெறுமனே மூடித் திறக்க வேண்டும். டைமர் பெட்டிக்குள் பக்கத்திலேயே 240 வோல்ட் முனைகள் இருப்பதால், பம்புக்குப் போகும் ஒயரில் இருந்து ஒரு கிளை எடுத்து இங்கே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு நொடியில் ஹீட்டர் போர்டு கருகிவிடும். அதே காரணத்துக்காக, இந்த 24 வோல்ட் ஒயரை பம்ப் ஒயர் போகும் அதே குழாயில் சேர்த்து இழுக்காதீர்கள். தனிக் குழாய் போடுங்கள்.

ஸ்விட்ச் திறந்திருக்கும்போது சில ஹீட்டர்களின் திரையில் ஏதோ பழுது மாதிரி ஓர் எழுத்தோ எண்ணோ வரும். டைமர் ஓய்வில் இருக்கும் நேரத்தில் மட்டும் அது வந்து, பம்ப் ஓடத் தொடங்கியதும் போய்விட்டால், அது பழுது இல்லை.

பைலட் நெருப்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பழைய ஹீட்டர் என்னுடையது. இதே முறை சரிவருமா?

வரும், ஆனால் ஒயரில் கஞ்சத்தனம் கூடாது. அந்த ஹீட்டருக்கு வெளியிலிருந்து கரண்ட்டே கிடையாது. பைலட்டின் சூட்டில் இருந்து வரும் முக்கால் வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தில்தான் கேஸ் வால்வு திறக்கிறது. நீளமான, மெலிந்த ஒயரைப் போட்டால் வழியிலேயே அது தீர்ந்துபோய் வால்வு திறக்காது. துருப்பிடித்த முனை ஒன்று இருந்தாலும் அதே கதைதான். டைமர் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து, ஒயர் தடிமனாக, இணைப்புகள் சுத்தமாக இருந்தால் வேலை செய்யும்.

டி104 டயலில் நேரம் வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டிரிப்பர் என்பது டயலில் மாட்டும் சின்ன உலோகத் துண்டு, தன் நேரம் வந்ததும் ஸ்விட்ச்சைத் தள்ளும். ஆன் டிரிப்பர், ஆஃப் டிரிப்பர் இரண்டின் திருகுகளையும் நன்றாக இறுக்குங்கள். தளர்ந்தால் நகர்ந்துவிடும். ஹீட்டர் ஆறு மணிக்கு நிற்க வேண்டும் என்றால் ஆஃப் டிரிப்பரை ஆறு இருபதுக்கு வையுங்கள், ஏனென்றால் டிரிப்பர் காட்டுவது பம்பின் நேரம்.

இன்னொன்று, பெரும்பாலோர் யோசிக்காதது. பெட்டிக்குள் இருக்கும் கைப்பிடியைக் கையால் ஆஃப் பக்கம் தள்ளினால், 20 நிமிடம் என்ற பேச்சே கிடையாது, பம்ப் அந்த நொடியே நிற்கும். ஃபில்டர் கழுவவோ கூடையைச் சுத்தம் செய்யவோ பம்பை நிறுத்தப் போகிறீர்களா? முதலில் ஹீட்டர் பேனலில் ஆஃப் அழுத்துங்கள். சில நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் கைப்பிடியைத் தொடுங்கள். வாரா வாரம் வரும் பூல்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கரண்ட் போய் வந்தால்?

டி104-இல் பேட்டரி கிடையாது. கரண்ட் எவ்வளவு நேரம் இல்லையோ அவ்வளவு நேரம் கடிகாரம் பின்தங்கும். புயல் மழைக்குப் பிறகு ஒரு முறை எட்டிப் பாருங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் மணி மாற்றும்போதும் அப்படியே. கடிகாரம் பின்தங்கினாலும் வரிசை மாறாது என்பது இதில் உள்ள நிம்மதி: நெருப்பு முதலில், பம்ப் பிறகு.

என் ஹீட்டர் புதியது. ஆறவைக்கத் தேவையே இல்லை என்று விற்றவர் சொன்னார்.

புதிய ஹீட்டர்களில் உலோகம் குறைவு, அதனால் சீக்கிரம் ஆறிவிடும் என்பது உண்மை. பழைய வார்ப்பிரும்பு மாடல்களுக்குத் தேவைப்பட்ட அளவு நேரம் இவற்றுக்குத் தேவையில்லை. மேனுவல் என்ன சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவல் எதுவும் சொல்லாவிட்டாலும் நான் ஐந்து நிமிடமாவது பம்பை ஓடவிடுவேன். அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே மிச்சமிருக்கும் சூடு பூலுக்குள் போகிறது, அது நீங்கள் காசு கொடுத்த சூடுதானே. ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தண்ணீர் சூடாகும் அந்தக் குழாய்த் தொகுதி) ஒன்றை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிட பம்ப் மின்சாரம் ஒரு பொருட்டே அல்ல.

என்னிடம் இருப்பது வேகத்தை மாற்றிக்கொள்ளும் வேரியபிள் ஸ்பீட் பம்ப். அதற்கு எப்படி?

2021 ஜூலையில் அமெரிக்க எரிசக்தித் துறையின் பூல் பம்ப் விதி நடைமுறைக்கு வந்த பிறகு, வீட்டுப் பூல்களில் புதிதாக மாட்டுவது பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே இந்தக் கேள்வி இனி கூடிக்கொண்டே போகும்.

இந்தப் பம்புக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும், எப்போது எந்த வேகத்தில் ஓடுவது என்ற நேர அட்டவணை பம்புக்கு உள்ளேயே இருக்கும். பழைய டைமர் பெட்டியை அதன் முன்னால் வைத்து வெட்டுவது முறையல்ல. இந்த வகையில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, பம்ப் எப்போது நிற்கப் போகிறது என்று வெளியே இருக்கும் ஃபயர்மேன் ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. இரண்டு, மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்று குறைந்த வேகத்தில் ஓடவிட்டால், ஹீட்டருக்கு வேண்டிய ஓட்டம் கிடைக்காது. 4 லட்சம் பி.டி.யு ஹீட்டருக்கு நிமிடத்துக்கு 40 காலன் அளவுக்காவது தேவைப்படும், சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும். அதற்குக் கீழே போனால் பிரஷர் ஸ்விட்ச் திறந்து மூடி, திறந்து மூடி, ஹீட்டர் எரிந்து அணைந்து தவிக்கும்.

பெரிய கருவி எதுவும் வாங்காமல் செய்யக்கூடிய வழி இது: ஹீட்டருக்கென்று பம்பில் ஒரு வேக அட்டவணை போடுங்கள். மாலை மூன்று முதல் ஆறரை வரை நல்ல வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் இன்டர்லாக் முனைகளில் வேறொரு டைமரையோ ரிலேயையோ (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மாட்டி, அதை மூன்று ஐந்துக்கு மூடி ஆறு மணிக்குத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், அரை மணி இடைவெளி அந்தப் பிழையைத் தாங்கும்.

ஆட்டோமேஷன் பேனல் வாங்கிவிட்டால் இதெல்லாம் வேண்டாமா?

பென்டேர், ஹேவர்ட், ஜாண்டி பேனல்கள் பம்பையும் ஹீட்டரையும் வால்வையும் சேர்த்தே ஆள்கின்றன, அதனால் வரிசை தவறாது. ஹீட்டர் கூல்டவுன் என்ற அமைப்பு இருக்கிறதா, அது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது ஆன் என்றால், நீங்கள் ஆப்பில் ஸ்பாவை அணைத்த பிறகும் பம்ப் சில நிமிடம் ஓடும். பம்ப் நிற்க மாட்டேன் என்கிறது, கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் செய்துவிடாதீர்கள்.

பூலுக்கு ஒரு சூடு, ஸ்பாவுக்கு ஒரு சூடு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள முடிவதுதான் இந்தப் பேனல்களின் பெரிய பலன். மேலே சொன்ன வால்வுத் தொல்லை அதோடு தீர்ந்தது. ஆனால் டைமருக்காக மட்டும் பேனல் வாங்குவது அதிகப்படி.

வைஃபை ரிலே வைத்து நானே செய்துகொள்ளலாமா?

செய்யலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தேர்ந்தெடுப்பதில் சில கண்டிப்புகள் வேண்டும். தன் வெளியீட்டில் கரண்ட் தராத, வெறும் தொடர்பை மட்டும் மூடித் திறக்கும் ரிலேயாக இருக்க வேண்டும். ஷெல்லி 1 அந்த வகை. சாதாரண ஸ்மார்ட் பிளக் அந்த வகை அல்ல, அது 120 வோல்ட்டை வெளியே தரும்.

தானாக அணையும் நேரத்தை ரிலேயின் உள்ளேயே வையுங்கள். போனில் இருக்கும் ஆப் ஆன் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து அதே ஆப் ஆஃப் சொல்ல வேண்டும் என்று அமைத்தால், நடுவில் வைஃபை போனால் ஆஃப் வந்து சேராது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஆன் செய்த கணத்திலேயே ரிலே தானே எண்ணத் தொடங்கி, நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானே திறந்துகொள்ள வேண்டும். ஷெல்லியில் ஆட்டோ ஆஃப் என்ற அமைப்பு இதற்குத்தான். கரண்ட் போய் வந்தால் ஆஃபிலேயே எழ வேண்டும் என்பதையும் செட்டிங்கில் சொல்லிவிடுங்கள்.

ஃபயர்மேன் ஸ்விட்ச் ஏற்கெனவே இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். ரிலேயை அதனோடு தொடராகச் சேருங்கள். இரண்டும் மூடியிருந்தால்தான் நெருப்பு வரும், எது ஒன்று திறந்தாலும் நிற்கும். ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை ஆளும் மென்பொருள்) வைத்து விளையாடுகிறவர்கள் பூலின் சூட்டைப் பார்த்து, வானிலையைப் பார்த்து என்று எத்தனை புத்திசாலித்தனம் வேண்டுமானாலும் மேலே அடுக்கட்டும். அடியில் இந்தத் தொடர் இணைப்பு அப்படியே இருக்கட்டும்.

ஸ்பாவுக்கு மட்டும் எளிதாக ஏதாவது?

முறுக்கிவிடும் ஸ்பிரிங் டைமர். ஒன்றரை மணி நேரத்துக்கு முறுக்கிவிட்டால் ஓடி ஓடிப் பூஜ்யத்துக்கு வந்து திறந்துகொள்ளும். அதையும் அதே இன்டர்லாக் வரிசையில் தொடராகப் போடலாம். பாஸ்வேர்டு வேண்டாம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஒரே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எப்போதும் ஆன் என்ற நிலை இல்லாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள், சில மாடல்களில் அந்த நிலை உண்டு, அது இருந்தால் மொத்த நோக்கமும் போயிற்று. பைலட் ஹீட்டருக்கு மட்டும் இதை நான் சொல்ல மாட்டேன், அந்த முக்கால் வோல்ட்டுக்கு இதன் தொடர்பு நம்பகமாக இருக்காது.

மழை படாத பெட்டிக்குள் வையுங்கள். தண்ணீரின் விளிம்பில் இருந்து ஸ்விட்ச் எதுவும் குறைந்தது 5 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க மின் விதி. ஸ்பாவில் உட்கார்ந்தபடியே கை நீட்டி முறுக்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

104 டிகிரிக்கு மேல் வைக்கலாமா?

கூடாது. ஸ்பா தண்ணீருக்கு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் உச்சம் 104, அதாவது 40 செல்சியஸ். கர்ப்பிணிகளுக்கு அதுவே அதிகம். இதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

மின்சார ஹீட்டர், ஹீட் பம்ப் இவற்றுக்கும் இதே முறையா?

வரிசை அதே. ஆனால் கரண்ட்டை டைமரால் நேரடியாக வெட்டுவதில் இங்கே கூடுதல் அபாயம். 11 கிலோவாட் மின்சார ஹீட்டர் 240 வோல்ட்டில் 46 ஆம்பியர் இழுக்கும். டி104 தாங்குவது 40. டைமர் ஒரு கான்டாக்டரை (பெரிய கரண்ட்டைத் தாங்கும் ரிலே) மட்டும் இயக்க, கான்டாக்டர் ஹீட்டரை இயக்க வேண்டும்.

ஹீட் பம்பில் ஏ.சி மாதிரியே கம்ப்ரஸர் இருக்கிறது. நின்றதும் உடனே கிளப்பினால் அதற்குக் கெடுதல், அதனால்தான் சில நிமிடத் தாமதத்தை உள்ளேயே வைத்திருப்பார்கள். அதை நிறுத்தவும் இன்டர்லாக் முனைகளையே பயன்படுத்துங்கள். காற்றில் இருந்து சூட்டை எடுப்பதால் பகலில் ஓட்டுவது மேல். இரவு மின்சாரம் இலவசம் என்ற திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறலாம், ஆனால் குளிர்ந்த ராத்திரிகளில் அதனால் அவ்வளவாகச் சூடேற்ற முடியாது.

பனி விழும் ராத்திரிகளில் டைமர் பம்பை நிறுத்திவிட்டால் குழாய் வெடிக்காதா?

வெடிக்கும். டயல் டைமருக்குக் குளிர் தெரியாது. 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்சாஸ் முழுக்க பூல் பம்புகளும் ஃபில்டர்களும் ஹீட்டர்களும் வெடித்ததை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிக்காற்று உறைநிலையை நெருங்கும்போது டைமரை மீறிப் பம்பை ஓடவிடும் ஃப்ரீஸ் கார்டு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஓடுகிற தண்ணீரே போதும், ஹீட்டர் எரிய வேண்டியதில்லை. ஃபயர்மேன் ஸ்விட்ச் டைமரின் ஆஃப் நேரம் முழுக்கத் திறந்தே இருப்பதால், ஃப்ரீஸ் கார்டு பம்பைக் கிளப்பினாலும் கேஸ் எரியாது. மின்சாரமே போய்விட்டால் எதுவும் உதவாது. பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூன்றிலும் அடியில் உள்ள மூடிகளைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று வெயில் நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

டைமர் வைத்தாயிற்று. செலவு இன்னும் குறைய வேறென்ன செய்யலாம்?

உறை. பூல் மேல் உறை போட்டால் சூடேற்றும் செலவு 50 முதல் 70 சதவீதம் குறையும் என்கிறது எரிசக்தித் துறை. ஒவ்வொரு டிகிரி கூட்டுவதும் செலவை 10 முதல் 30 சதவீதம் ஏற்றுமாம். டைமர் மறதியைச் சரிசெய்யும். உறை ஆவியைத் தடுக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், தினமும் பூலில் இறங்குகிறவர்கள் உறையையும், எப்போதாவது இறங்குகிறவர்கள் டைமரையும் வாங்கலாம்.

இதை நானே செய்யலாமா, ஆள் வைக்க வேண்டுமா?

டயலைத் திருப்புவது, பம்பின் அட்டவணை, ரிலேயின் செட்டிங் இவையெல்லாம் உங்கள் வேலை. டைமர் பெட்டிக்குள் 240 வோல்ட் இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, அதில் உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் கை வைக்கும் வேலையை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வரும்போது தரையிணைப்பையும், ஹீட்டரின் உலோக உடலைப் பம்போடும் பூலோடும் இணைக்கும் தடித்த செப்புக் கம்பியையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டரை மாற்றும்போது அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டாமல் விட்டுப்போகிற வீடுகள் இருக்கின்றன. கேஸ் குழாயைத் தொட வேண்டிய அவசியம் இந்த வேலையில் எங்குமே வராது. யாராவது வரும் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஹீட்டரை எரியவிடுங்கள். டி104 என்றால் டயலை வெளியே இழுத்து, ஆஃப் டிரிப்பர் நெருங்கும்வரை மெதுவாகத் திருப்புங்கள். டிரிப்பர் வருவதற்கு முன்பே பர்னரின் சத்தம் நிற்க வேண்டும், பம்பின் சத்தம் தொடர வேண்டும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் பம்பும் நிற்கும். அங்கேயே விட்டுவிடாமல், உடனே ஹீட்டர் பேனலில் ஆஃப் அழுத்திவிட்டு பம்பை மறுபடி ஓடவிடுங்கள், ஹீட்டர் முழுக்க ஆற வேண்டும். ரிலே என்றால் ஆட்டோ ஆஃபை இரண்டு நிமிடத்துக்கு வைத்து, ஆன் செய்ததும் வீட்டு வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் நெருப்பு நின்றால் சரி. நிற்காவிட்டால் நேரம் எண்ணுவது ரிலே இல்லை, ஆப் என்று அர்த்தம். சோதனை முடிந்ததும் டயலைச் சரியான மணிக்குத் திருப்பி வைக்க வேண்டும், ஆட்டோ ஆஃபைப் பழையபடி மாற்ற வேண்டும்.